வெளிப்பக்கம் மடித்த இலை

ஐம்பதுகளின் கடைசி. இலுப்பூர் பக்கம் எங்கள் ஊரில் ஜப்பான் முறை நெல் நடவு என்று ஒரே பேச்சு. வரிசை பிடித்து நடுவதைக் காட்ட ஒரு ஜப்பான்காரரே வந்திருந்தார். பெரியப்பா வயலில்தான் செய்முறை. மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்று யாரையும் கேட்காமல் பெரியப்பா சொல்லிவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலேயா தோட்டத்துக்குப் போன அப்பாவை, சண்டைக் காலத்தில் சயாம் ரயில் பாதை போட இழுத்துப்போனதே ஜப்பான் பட்டாளம்தான். அப்பா அங்கேயே இறந்துபோனதாகத் திரும்பி வந்த ஒருவர் சொன்னார். அம்மா நம்பவில்லை. "கண்ணால பாத்தீங்களா?" என்று கேட்டவள், தாலியைக் கழற்றவும் இல்லை, கருமாதி செய்ய விடவும் இல்லை.

"வீடு தேடி வந்தவுகளுக்குச் சோறு இல்லைங்கப்படாது" என்று சமைத்தாள். ஆனால் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு நான்தான் பரிமாறினேன். வந்தவருக்குச் சின்ன வயதுதான். கூட வந்த கிராம சேவக் என்ற அரசாங்க ஊழியரைப் பார்த்துப் பார்த்து ரசம் வரைக்கும் ஒழுங்காகச் சாப்பிட்டார். கடைசியில் வந்தது வினை. இலையை வெளிப்பக்கமாக மடித்துவிட்டார்.

எங்கள் பக்கம் சாவு வீட்டில்தான் அப்படி மடிப்பார்கள். பெரியப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. கிராம சேவக் இங்கிலீஷில் பதறிச் சொல்ல, அப்பாவின் கதையும் கூடவே வந்துவிட்டது. அந்த மனிதர் எழுந்து, அடுப்படியைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னதைக் கிராம சேவக் தமிழில் சொன்னார். அவருடைய அண்ணன் பர்மா சண்டையில் இறந்தவராம். வீட்டுக்கு ஒரு பெட்டி வந்ததாம். உள்ளே வெறும் கல். அதைத்தான் அவர் அம்மா புதைத்தாராம்.

நான் இலையைத் திருப்பி மடிக்கக் குனிந்தேன்.

"தொடாத புள்ள." அம்மா வெளியே வந்திருந்தாள். "அந்த ஆத்தாளுக்குக் கல்லாச்சும் வந்துச்சு. எனக்கு இந்த எலை வந்திருக்கு. இருக்கட்டும்."

தன் கையாலேயே இலையை எடுத்துக் கொல்லையில் போட்டுவிட்டு வந்து அழுதாள். அத்தனை வருஷத்து அழுகை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தம்பி, மோர் குடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

அடுத்த வாரமே கருமாதி நடந்தது. அம்மா தாலியை இறக்கி வைத்தாள். பந்தியில் அந்த ஜப்பான்காரரும் வந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை யாரையும் பார்க்காமல், இலையை வெளிப்பக்கமாக மடித்தார்.

அப்பாவைக் கொண்டுபோனவர்களின் நாட்டிலிருந்து வந்த ஒருவர்தான் அம்மாவின் காத்திருப்பை முடித்துவைத்தார். இன்றும் எந்தப் பந்தியில் இலையை மடிக்கப் போனாலும், முகம் தெரியாத அந்த ஜப்பான் அம்மாவை நினைத்துக்கொண்டுதான் எழுந்திருக்கிறேன்.