வள்ளிக்கண்ணுவின் உச்சி வெயில்

உச்சிப் பிள்ளையாருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள் வள்ளிக்கண்ணு. வலது கையைக் குழாய்போல மடக்கிக் கண்ணில் வைத்து, கீழே தெப்பக்குளத்துப் பக்கம் பார்க்கிறாள். அர்ச்சனைத் தட்டோடு மூச்சு வாங்க ஏறி வந்தவர்கள், பிள்ளையாரை விட்டுவிட்டு இவளைப் பார்க்கிறார்கள். "என்னம்மா, பிள்ளையைத் தொலைச்சுட்டியா?" என்று ஒரு பெரியவர் விசாரிக்கிறார். "இல்லீங்க, ஒரு நீலக் கதவைத் தேடுறேன்" என்கிறாள், கண்ணை எடுக்காமல்.

அந்தக் கதவு பெரிய கடைவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. மலையேறும் முன் அதன் எதிரில் நின்று நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். கிட்டத்தில் அது மயில் கழுத்து. மேலிருந்து பார்த்தால், துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன பழைய பாவாடை. இந்த வித்தியாசத்தில்தான் அவள் தொழில் நடக்கிறது.

நவராத்திரிக்குக் கொலுப்படியின் முன்னால் பூங்காவும் தெருவும் அமைப்பார்களே, அதற்கு அட்டையிலும் காகிதக் கூழிலும் வீடுகள் செய்து ஸ்ரீரங்கத்தில் விற்கிறாள். மற்ற மாதங்களில் தையல் மிஷின். மற்றவர்கள் செய்யும் கொலு வீடுகள் ஆரஞ்சு மிட்டாய் மாதிரி இருக்கும். இவள் வீடுகளைப் பார்த்தால் உள்ளே யாரோ குடியிருந்து வாடகை பாக்கி வைத்திருப்பதுபோலத் தோன்றும். "வீடு சின்னதாயிட்டா கலரும் கூடவே சின்னதாகணும்ண்ணே. இல்லாட்டி அப்பன் சட்டையைப் பையன் மாட்டிக்கிட்ட மாதிரி தொளதொளன்னு நிக்கும்" என்பாள் அண்ணனிடம்.

அண்ணன் காத்தமுத்து அடுத்த வீட்டிலேயே இருக்கிறான். எட்டாவது வரை படித்தவன். பொன்மலையில் ரயில் பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறான். பழைய பெட்டியைப் புதிதாக்குவது அவன் வேலை. புதிய வீட்டைப் பழசாக்குவது அவள் வேலை. பட்டறைச் சங்கு ஊதி வெளியே வந்ததும், பக்கத்தில் யார் சைக்கிள் மிதித்து வந்தாலும் சரி, ஜங்ஷன் பாலம் வருவதற்குள் பேச்சு தங்கையிடம் வந்து நின்றுவிடும். "நான் அடிச்ச பெட்டியில ஈ ஒக்காந்தா வழுக்கிடும்யா. எந்தங்கச்சி அடிச்ச செவுத்துல ஈ நம்பி ஒக்காரும்."

டப்பாவில் இருக்கும் வண்ணத்தை அவள் அப்படியே தொட்டதில்லை. "டப்பாக் கலரு பொய்" என்பது அவள் கட்சி. சுண்ணாம்பில் துளி காவி, காவியில் துளி கரித்தூள், எல்லாவற்றிலும் கொஞ்சம் அழுக்கு. வண்ணங்களுக்கு அவள் வைத்திருக்கும் பெயர்கள் கடையில் கேட்டால் கிடைக்காது. தண்ணி மோர், ஆறின காப்பி, நேத்து சாம்பார், ஊசிப்போன சட்னி. அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். சாப்பிட உட்காரும்போது, "இன்னிக்கு இது கொழம்பா, செவுறா?" என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்பார்.

தெருவில் நடக்கும்போதும் அவள் பார்வை சுவரில்தான். ஜன்னலுக்குக் கீழே மழைநீர் ஒழுகிய கோடு. கடைவாசலில் ஆட்கள் சாய்ந்து சாய்ந்து எண்ணெய்த்தலை பதிந்த கறை. தெருவின் நடுப்பக்கம் கால் பட்டு வெளுத்திருக்கும், ஓரம் கருத்திருக்கும். அடிச்சுவரில் மழை தெறித்த செம்மண். இந்தச் செம்மண்தான் போன மார்கழியில் அவளைக் காலை வாரிவிட்டது.

பட்டாளத்தில் காலில் அடிபட்டுத் திரும்பிய வீரமலை என்ற மருங்காபுரிப் பையன் அவளைத் தேடி வந்தான். மன்னார்புரத்தில் முன்னாள் படைவீரர்கள் கண்காட்சி நடத்தப் போகிறார்கள். பஞ்சாப் எல்லையில் அவன் சண்டை போட்ட கிராமத்துத் தெருவை அதில் அப்படியே வைக்க வேண்டும் என்றான். "கண்காட்சிக்காகக்கூட இல்லக்கா. எங்கூட இருந்த அழகர்சாமி இன்னும் அந்த ஊர்லதான் காவல் நிக்கிறான். அவுங்க ஆத்தா, எம்புள்ள எந்த மாதிரி எடத்துல இருக்கான், எந்த மாதிரி எடத்துல இருக்கான்னு என்னை அரிச்செடுக்குது. அவன் நலம்னு மட்டுந்தான் எழுதுவான். எனக்கும் வாயால சொல்லத் தெரியல. கண்ணால காட்டிட்டா நிம்மதியா தூங்கும்."

மருங்காபுரியை விட்டால் திருச்சி வரைக்கும் மட்டுமே போயிருக்கிற அழகர்சாமியின் ஆத்தா மாரியாயி, பஞ்சாபை வேறு எப்படிப் பார்க்கப் போகிறாள்? வள்ளிக்கண்ணு அன்றே அட்டையை வெட்ட ஆரம்பித்தாள்.

முதல் தெரு முடிந்ததும் வீரமலை வந்து பார்த்தான். காலை நீட்டி உட்கார்ந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தான்.

"நல்லாருக்குக்கா. ஆனா இது மணப்பாறை."

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். அவனே சொன்னான். "மண்ணு செவப்பு இல்லக்கா அங்க. நம்மூர்ல படுத்து எந்திரிச்சா சட்டை செவக்கும். அங்க படுத்து எந்திரிச்சா சாம்பல் பூசுன மாதிரி இருக்கும். அப்புறம் இந்தச் செவுத்துல இது என்ன கறை?"

"ஆளு சாய்ஞ்ச எண்ணெய்க் கறை."

"அங்க எல்லாம் தலைப்பாகைக்கா. எண்ணெய் வெளிய வராது."

காத்தமுத்து சிரித்துவிட்டான். அவள் முறைத்த முறைப்பில் பீடியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். எண்ணெய்க் கறைகள் எல்லாம் சுண்ணாம்பில் மறைந்தன. "வறட்டியாவது தட்டுவாங்களா?" என்று உள்ளே அவள் கேட்பதும், "அது தட்டுவாங்கக்கா, நம்மள மாதிரிதான்" என்று அவன் சொல்வதும், அவள் பெருமூச்சு விடுவதும் வாசல்வரை கேட்டது.

அதற்குப் பிறகு மண் தேடும் படலம். காத்தமுத்து போகிற இடத்திலிருந்தெல்லாம் பொட்டலம் கட்டி வந்தான். பொன்மலை மண்ணில் கரி. மன்னார்புரத்து மண்ணில் சரளை. கொள்ளிடத்து மணல் சர்க்கரை மாதிரி மினுங்கியது. கடைசியில் விஷயம் வீட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. அம்மா மண்டபம் படித்துறைக்குக் கீழே காவிரி விட்டுப்போன வண்டல், காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. அதை இடித்து, மல்துணியில் சலித்து, துளி சுண்ணாம்பும் பசையும் சேர்த்தாள். வீரமலை ஒரு சிட்டிகை எடுத்துத் தன் பழைய காக்கிச் சட்டைக் கையில் தேய்த்தான். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்தான்.

"இதான்க்கா."

குண்டு பட்ட சுவருக்குக் கறுப்பு அடிக்கப் போனவளையும் அவன்தான் நிறுத்தினான். புகை படிந்த இடம் மட்டுமே கறுப்பு. உடைந்த செங்கல் உள்ளே புதுசாக, ரோஜா நிறத்தில் இருக்கும் என்றான். அவள் சரியென்று தலையாட்டிவிட்டு அந்த ரோஜா நிறத்தைக் கலந்தாள். அதற்கு மட்டும் சாப்பாட்டுப் பெயர் எதுவும் வைக்கவில்லை.

கடைசியாகச் சொல்ல வேண்டியது வெளிச்சம். சண்டை நடந்தது புரட்டாசி மாதத்து நடுப்பகல் என்று கேட்டு வைத்திருந்தாள். தெருவுக்கு நேர் மேலே ஒரு பல்பு, ஆணியடித்துத் தொங்கவிட வேண்டும். அந்தப் பல்புக்குக் கீழேயே உட்கார்ந்துதான் வண்ணங்கள் அத்தனையையும் கலந்தாள். பகல் வெளிச்சத்தில் கலந்த தண்ணி மோர் பல்பின் கீழே வெண்ணெயாகிவிடும் என்பது அவள் கண்டுபிடிப்பு. கண்காட்சிக் கொட்டகையில் பல்பு கொஞ்சம் கோணலாகத் தெரிகிறதே என்று காத்தமுத்து கையை நீட்டினான். "அண்ணே, பல்பைத் தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்" என்றாள். பெயிண்டர் கையைப் பையில் போட்டுக்கொண்டான்.

கண்காட்சிக் காரியதரிசி ரெங்கராஜ் வந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"ஏம்மா, பெரியவங்கல்லாம் வர்றாங்க. இப்படி அழுது வடியுதே. அங்கங்க ரெண்டு மரம் வச்சுப் பச்சை அடிச்சா என்ன?"

"அந்தத் தெருவுல மரம் இல்லீங்க சார்."

"இருந்தா யாரு கேக்கப் போறா?"

"ஒருத்தர் பாக்க வர்றாங்க சார்."

"இப்படியே இருந்தா முன்னால வைக்க முடியாதும்மா. பின்னால தண்ணிப்பானைகிட்டதான் எடம்."

"பின்னாலயே வைங்க. பல்பு மட்டும் நான் சொல்ற எடத்துல இருக்கட்டும்."

முன்வரிசை இடத்தில் காகித டாங்கி ஒன்று பச்சைப் பசேலென்று நின்றது. காத்தமுத்துவுக்கு வயிறு எரிந்தது. தங்கை தண்ணிப்பானைக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, தண்ணீர் குடிக்க வந்தவர்களிடமிருந்து தெருவைக் காத்தாள். "டம்ளரைத் தள்ளிப் புடிங்க. அந்த ஊர்ல மழை பெய்யலை."

மாரியாயி மத்தியானத்தில் வந்தாள். பஸ்ஸில் வந்த களைப்போடு, வீரமலையின் தோளைப் பிடித்துக்கொண்டு. நொண்டுகிறவன் அவளைத் தாங்கினானா, அவள் அவனைத் தாங்கினாளா என்று தெரியவில்லை. தெருவின் முன்னால் குனிந்தாள். கண் பழகச் சற்று நேரம் பிடித்தது.

"எம்புள்ள எதுப்பா?"

"இந்தா ஆத்தா, இந்தச் செவுத்தோரம் நிக்கிறான் பாரு. பக்கத்துல நானு."

அவள் அந்தச் சிப்பாய்ப் பொம்மையைத் தொடவில்லை. தெருவைத்தான் தொட்டாள். விரலில் ஒட்டியதைத் தேய்த்துப் பார்த்தாள்.

"மண்ணு வெளுத்துல்ல கெடக்கு. என்னதான் வெளையும் இதுல?"

"கோதுமை, ஆத்தா. இடுப்பளவு நிக்கும்."

"தேவலை" என்றாள். வறட்டி தட்டிய சுவரைப் பார்த்து, "மாடு வச்சிருக்காக" என்றாள். வள்ளிக்கண்ணு முக்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள். காத்தமுத்துவுக்கு அந்தத் தெருவில் தானே நிற்பதுபோல இருந்தது. இதற்குமேல் யார் என்ன சொல்ல வேண்டும் என்று நினைத்தான்.

மாரியாயி மறுபடி குனிந்தாள். இந்தத் தடவை வெகு நேரம்.

"கொளுத்துற வெயில்ல நிக்கிறானேப்பா. ஒரு மரங்கூட இல்லையா?"

"இருந்துச்சு ஆத்தா... ஒண்ணு இருந்துச்சு..." என்று வீரமலை இழுத்து, வள்ளிக்கண்ணுவைப் பார்த்தான். பின்னால் வந்து நின்ற ரெங்கராஜ், "அதான் நான் அப்பவே..." என்று ஆரம்பித்தார். மாரியாயி தன் உள்ளங்கையைக் கவிழ்த்து அந்தக் களிமண் சிப்பாய்க்கு மேலே குடைபோலப் பிடித்துக்கொண்டாள்.

வள்ளிக்கண்ணு எழுந்தாள். டாங்கிக்கு அடித்த பச்சை டப்பா இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. கையை உயர்த்தி ஆணியிலிருந்து பல்பைக் கழற்றினாள். மெல்ல, மிக மெல்ல, அதைத் தெருவின் மேற்குப் பக்கமாகக் கொண்டுபோய்த் தாழ்த்தினாள். சுவர்களின் நிழல் ஒவ்வொன்றாக நீண்டு தெருவின் குறுக்கே படுத்தது. வண்டல் மண் நிறம் ஆறியது. சுவரோரம் நின்ற சிப்பாய்கள் இரண்டு பேரும் நிழலுக்குள் போனார்கள். மாரியாயி கையை எடுத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கம் பல்பை மாட்ட ஆணி இல்லை. முந்தானையைச் சுருட்டிச் சூட்டுக்கு அணை கொடுத்துப் பிடித்தபடி, மாரியாயி பார்த்து முடிக்கும்வரை வள்ளிக்கண்ணு அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.