பிறந்த இடம்: காஞ்சிபுரம்

என் மகளும் அவள் தோழியும் காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரியில், ஒரே வார்டில், ஒருநாள் இடைவெளியில் பிறந்தவர்கள். எனக்குப் பால் சுரக்கத் தாமதமானது. என் மகளுக்கு முதல் பால் கொடுத்தது பக்கத்துக் கட்டிலில் இருந்த அந்தத் தோழியின் அம்மாதான்.

அந்த அம்மா ஆறு வயதில் இலங்கையின் மன்னாரிலிருந்து படகில் வந்தவள். கணவரும் அப்படி வந்தவர்தான். அகதி முகாமுக்கு வெளியே, எங்கள் தெருவில் வாடகைக்கு இருந்தார்கள். அவர் பெயின்டர். அவள் பட்டுக்கடையில் புடவை மடிப்பாள்.

நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். பெண்கள் இருவருக்கும் பதினெட்டு முடிந்ததும் ஓட்டர் கார்டுக்கு நான்தான் விண்ணப்பம் போட்டேன். அந்தப் பெண்ணின் விண்ணப்பத்தில் 'பிறப்பால் இந்தியக் குடிமகள்' என்று உறுதி கொடுக்கும் இடத்தில் கொஞ்சம் தயங்கினேன்.

"அம்மாவ ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?"

"நான் என்ன அம்மா மாதிரி போட்லயா வந்தேன் ஆன்ட்டி? இதோ இருக்குது பாருங்க பர்த் சர்டிபிகேட்."

அவள் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. அனுப்பிவிட்டேன்.

தேர்தல் வேலையாக அவர்கள் வீட்டுக்கு விசாரிக்க வந்த டீச்சர், பெற்றோரின் ஆவணங்களைக் கேட்டிருக்கிறார். அந்த அம்மாவுக்குப் பொய் வராது. அகதி அட்டையை எடுத்துக் காட்டிவிட்டாள். இரண்டு வாரத்தில் தாலுகா ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். அவள், அவளுடைய அம்மா, நான் மூவருமாகப் போனோம்.

அதிகாரி கடுமையானவர் இல்லை. உட்காரச் சொல்லித்தான் பேசினார்.

"இங்க பொறந்தா மட்டும் போதாதும்மா. அப்பா, அம்மால ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். சட்டம் அப்படி மாறி ரொம்ப வருஷம் ஆவுது."

"நான்தான் சார் பூர்த்தி பண்ணேன். தெரியாம பண்ணிட்டேன்."

"பொய் உறுதிமொழின்னா கேஸ் ஆயிடும். படிக்கிற பொண்ணு. விண்ணப்பத்த வாபஸ் வாங்கிக்கிறேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கட்டும். போதும்."

நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். 'நான் இந்தியக் குடிமகள் அல்ல என்பதால்' என்ற இடத்தில் பேனா நின்றது.

"இலங்கைன்னு எழுதணுமா சார்?"

"வேணாம்மா. அவங்க உன்ன ஏத்துக்கினாங்களான்னு எனக்குத் தெரியாது."

வெளியே வந்ததும் நான் அழுதுவிட்டேன். அவளுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கள்ல பிழை இல்ல அக்கா," என்றாள். சிறிது தூரம் நடந்தபின் மெல்லக் கேட்டாள். "இது போலீஸ் ஸ்டேஷன்ல தெரிஞ்சா எங்கள திரும்பப் போகச் சொல்லுவாங்களோ?"

அவள் கையை விடாமல் பஸ் ஸ்டாப் வரை நடந்தேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வடக்கே எல்லை தாண்டி வருகிறவர்களை டிவியில் காட்டும்போது, "வர்றவங்கள எல்லாம் சேத்துக்கினா நம்ம பசங்க என்ன ஆவுறது?" என்று அந்தக் குடும்பத்தின் எதிரிலேயே பேசியவள் நான். ஒரு நாடு எங்கேயாவது கோடு போடத்தான் வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதை அந்த இரண்டு கட்டிலுக்கு நடுவில் போட்டிருந்ததை எப்படி ஒத்துக்கொள்வது? வேறு எங்கே போடுவது என்று கேட்டால் அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

தெரிந்த வக்கீலிடம் போனோம். பெற்றோர் விசாவோடு வந்தார்களா என்று கேட்டார். உயிருக்குப் பயந்து படகேறியவர்களிடம் விசா ஏது? "குடியுரிமை கேட்டு மனு போடலாம். பதில் எப்ப வரும்னு மட்டும் கேக்காதீங்க," என்றார். போட்டோம். இதுவரை பதில் இல்லை.

என் மகளின் கார்டு, அந்த லெட்டர் கொடுத்த அடுத்த மாதம் தபாலில் வந்தது. அந்தப் பெண்தான் அப்போது எங்கள் வாசல் பக்கம் இருந்தாள். வாங்கிப் பிரித்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"போட்டோ கேவலமா இருக்குதுடி," என்று சிரித்தபடி என் மகளிடம் நீட்டினாள். என் மகள் அதை வாங்க முடியாமல் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து தரையில் கிடந்த கவரை எடுத்து, மடித்துக்கொண்டே நின்றேன்.