தங்கை பேசிய ஆங்கிலம்

தங்கை தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். ஆங்கிலத் தேர்வில் தேறினால் வேலை என்று இங்கிலாந்து மருத்துவமனை ஒன்று சொல்லியிருந்தது. பேச்சுப் பகுதியில் ஏற்கெனவே தவறியிருந்தாள். இந்த முறையும் தேறாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. கணவர் இறந்த பிறகு அவள் பிடித்துக்கொண்டிருந்தது இது ஒன்றைத்தான்.

அதியமான்கோட்டை வீட்டில் நான் நோயாளியாக நடிப்பேன், அவள் என்னைக் கவனிப்பாள். யூடியூபில் அமெரிக்கர் 'வாடர்' என்றார். லண்டன்காரர் 'வோட்ட' என்றார். ஸ்காட்லாந்துக்காரர் சொன்னது எனக்கே பிடிபடவில்லை. தங்கை எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தாள்.

"தண்ணிக்கு இத்தன வெதமா? நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள தாகத்துல கெடக்கறவன் செத்தே போயிருவான்" என்றார் அம்மா.

தங்கை சிரிக்கவில்லை. "நீ சும்மா இரும்மா. அண்ணா, இன்னொருக்கா வலிக்குதுன்னு சொல்லு."

பத்திரிகை அலுவலகத்தில் பிறர் எழுதியதைத் திருத்திப் பழகியவன் நான். அவள் பேச்சிலிருந்து 'லூஸ் மோஷன்', 'கேஷுவாலிட்டி' போன்ற நம்மூர் ஆங்கிலத்தை ஒவ்வொன்றாக எடுத்தேன். உச்சரிப்பும் படிந்து வந்தது.

தேர்வு பெங்களூரில். முடிந்து பேருந்தில் திரும்பும்போது, கிருஷ்ணகிரி தாண்டியதும் நடந்ததைச் சொன்னாள். மறுநாள் அறுவை சிகிச்சைக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணாகத் தேர்வாளர் நடித்திருக்கிறார். பயமாக இருக்கிறது என்று அவர் சொன்னதும் இவள், "உங்கள் அட்டெண்டர் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள்.

நம் மருத்துவமனைகளில் முதல் கேள்வியே அதுதான். மருந்து வாங்கி வர, கையெழுத்துப் போட, நோயாளியைத் தேற்ற, எல்லாவற்றுக்கும் கூட வந்த ஆள் வேண்டும். தேர்வாளருக்கு அந்தச் சொல்லே புரியவில்லை. கூட வந்தவர் என்று விளக்கியதும், தனியாகத்தான் வந்தேன் என்றிருக்கிறார். இவள் விடவில்லை. மகன் இல்லையா, மகள் இல்லையா, பக்கத்து வீட்டார்கூடவா இல்லை?

"தனியா எப்படிண்ணா ஆபரேசனுக்கு வருவாங்க? யாராச்சும் வேணுமில்ல?"

நேரம் முடிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் பயத்தைப் பற்றி அவள் ஒன்றுமே கேட்டிருக்கவில்லை.

உச்சரிப்புக்கு நல்ல மதிப்பெண் வந்தது. பேச்சில் மொத்த மதிப்பெண் தேறுவதற்குக் கொஞ்சம் குறைந்தது. அடுத்த வாரம் இங்கிலாந்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. இடம் நிரம்பிவிட்டதாம். மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள். நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு அதை எனக்கு வாய்விட்டுப் படித்தாள். லண்டன்காரர் மாதிரியே நிறுத்தி, நிதானமாக.

முடித்ததும் என்னைப் பார்த்து, "எங்கண்ணா தப்பு வந்துச்சு?" என்றாள்.