முத்திரையை உருட்டிய வங்கி அதிகாரி

மலேசியாவில் என் தம்பி ஆபரேஷனுக்குக் காத்துக் கிடந்தான். அவனுக்குப் பணம் அனுப்ப, சங்கரன்கோவில் வங்கிக்கு மூன்றாவது முறையாகப் போனேன். டையடித்த மீசைக்கார அதிகாரி, ரப்பர் முத்திரையைக் குத்தாமல் உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே, "ஆஸ்பத்திரி லெட்டர் இன்னொண்ணு வேணும் அண்ணாச்சி" என்றார். தம்பி அங்கிருந்து பணம் அனுப்பிய காலமெல்லாம் சிரித்து வரவேற்ற அதே ஆள்.

சுவரில் இருந்த டிவி, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் பங்குகளை விற்றுக் கோடிக்கணக்கில் எடுத்துப் போவதாகச் சொன்னது.

"அவன்கிட்ட எதுக்குன்னு கேட்டீரா வே?" என்று டிவியைக் காட்டிக் கத்தினேன்.

"கேட்டா அவன் திரும்பப் பணம் கொண்டு வரமாட்டான். நீங்க எங்க போகப்போறிய?"

கேலி செய்யவில்லை. நிஜமாகவே விளக்கம் சொன்னார்.

மறுநாள் கடிதத்தோடு போனேன். முத்திரை குத்தினார். தம்பி பிழைத்தான். என் கணக்கு இன்னும் அந்த வங்கியில்தான் இருக்கிறது. அந்த ஆள் சொன்னது சரி என்பதுதான் இன்றைக்கும் வயிற்றெரிச்சல்.