வராத மழைக்குக் கட்டிய படுதா

என் அம்மா உண்ணாமலை, மோகனூருக்குப் பக்கத்தில் மூவாயிரத்து இருநூறு முட்டைக்கோழி வைத்திருந்தாள். அப்பா இறந்த வருடம் ஐந்நூறில் தொடங்கியது. கொண்டையின் நிறத்தைப் பார்த்தே எந்தக் கூண்டில் தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள்.

சென்னையில் வானிலைக் கணிப்பு வேலையில் சேர்ந்ததும் அவளுக்கு ஒரு வெப்பமானி வாங்கி அனுப்பினேன். அதைக் கோழி செட்டின் நடுவில் தொங்கவிட்டாள். கோடையில் தினமும் பகல் இரண்டு மணிக்குப் போன் வரும்.

“நாப்பது, சாமி.”

அவ்வளவுதான். வைத்துவிடுவாள்.

நாற்பதைத் தாண்டினால் கோழிக்கு ஆபத்து. வியர்க்காத உடம்பு, வாயைத் திறந்து மூச்சு இறைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அதனால் செட்டின் இரு பக்கமும் நனைத்த சாக்கு தொங்கும். காற்று அதைத் தொட்டுக்கொண்டு உள்ளே வர வேண்டும். மழை என்றால் வேறு. சாரல் கூண்டுக்குக் கீழே எச்சத்தில் பட்டால் ஈ, நாற்றம், நோய். அப்போது சாக்கை அவிழ்த்துவிட்டுக் காற்றுப் புகாத தார்ப்பாய்ப் படுதாவை இறக்கிக் கட்ட வேண்டும். ஒற்றை ஆளுக்கு ஒரு நாள் வேலை. மழையை முன்பே சொல்ல ஆள் வேண்டும். அவளுக்கு நான் இருந்தேன்.

போன மே மாதம் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானது. பருவத்தின் முதல் தாழ்வு. அந்தக் கட்டத்தில் அதன் மையம் எங்கே என்றே உறுதியாகத் தெரியாது. தொடக்கத்தில் கொஞ்சம் பிசகினால் மூன்றாம் நாள் பாதை எங்கோ போய் நிற்கும். அதனால் தொடக்கத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒரே கணக்கைக் கணினியில் ஐம்பத்தொரு முறை ஓட்டிப் பார்ப்போம். ஒவ்வொரு முறையின் பாதையும் வரைபடத்தில் ஒரு கோடு. நாற்பத்து நான்கில் அது நம் கரைக்கு வந்தது. ஏழில் வடக்கே திரும்பிப் போனது.

“வியாழக்கிழமை மழைக்கு நூத்துக்கு எம்பத்தாறு வாய்ப்பும்மா,” என்றேன்.

“எம்பத்தாறுன்னா? எம்பத்தாறு கூண்டு மட்டும் நனையுமாக்கும்?”

“அப்படியில்லம்மா.”

“அதெல்லாம் எனக்கு ஆகாது சாமி. வருமா, வராதா?”

எனக்குக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. “வரும்,” என்றேன்.

புதன்கிழமை சாக்குகளை அவிழ்த்தாள். படுதாவை இறக்கி, கீழ்க் கம்பியில் இறுக்கிக் கட்டினாள். அன்று மாலை தாழ்வு புயலாகி வடக்கே திரும்பியது. விலகிப் போகும் புயல் ஈரக் காற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். நமக்கு மேற்கிலிருந்து வறண்ட காற்றுதான் மிஞ்சும். இதைப் பாடமாகப் படித்தவள் நான். அப்போதே அழைத்திருக்கலாம். அலுவலகத்தில் புதிய பாதையை வரைந்துகொண்டிருந்தேன்.

வியாழன் பகல் இரண்டு மணிக்குப் போன் வந்தது.

“நாப்பத்தி மூணு சாமி. ஒரு பொட்டு மேகமில்ல. உன்ற மழை பஸ்ஸ உட்டுருச்சாட்டிருக்குது.” சிரித்தாள். அவளுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான அலகுகள் மூச்சு இறைக்கும் சத்தம்.

“படுதாவ அவுக்கணும்மா. நீ போகாத, ஆள் கூப்புடு.”

“ஆள் வாரதுக்குள்ள எல்லாம் செத்துப் போயிரும். அவுத்துக்கிட்டுத்தான் இருக்கறேன்.”

பக்கத்துப் பண்ணைக்காரர் சிவபிரகாஷ் மூன்றரை மணிக்குச் செட்டோரம் விழுந்து கிடந்த அவளைப் பார்த்தார். கிழக்குப் பக்கப் படுதா பாதி அவிழ்ந்திருந்தது. கயிறு கையில் இருந்தது. எழுநூறு கோழிகள் செத்திருந்தன. அவள் திறந்துவிட்ட பக்கத்தில் இருந்தவை பிழைத்தன.

இப்போது அந்தச் செட்டைச் சிவபிரகாஷ் நடத்துகிறார். எங்கள் அலுவலகத்தில் கணினி அறையின் விசிறிகள் வேகமெடுக்கும்போது எனக்கு அலகுகள் கேட்கின்றன. அந்த ஏழு கோடுகளை நான் இன்னும் அழிக்கவில்லை.

இந்த மே மாதமும் கடலில் ஒரு தாழ்வு. நேற்றுப் பகல் சிவபிரகாஷ் அழைத்தார்.

“அம்மணி, கடல்ல என்னமோ வருதாமா. படுதா கட்டட்டுமா?”

திரையில் ஐம்பத்தொரு கோடுகள். இந்த முறை நாற்பத்தொன்பது நம் பக்கம்.

“தெரியலைங்கண்ணா.”

“உனக்கே தெரியலீன்னா?”

“வரலாம், வராமலும் போகலாம். சாக்கு நனைஞ்சே தொங்கட்டும். ரெண்டு ஆளப் பக்கத்துல வெச்சுக்கங்க. சாரல் அடிச்சா அப்பக் கட்டிக்கலாம்.”

“எச்சம் நனைஞ்சுருமே?”

“நனைஞ்சா அள்ளிக்கலாங்க.”

“உங்கம்மா இருந்தா உன்னய வைஞ்சிருக்கும். வருமா வராதான்னு ஒத்தச் சொல்லுல கேக்கும்.”

“ஆமாங்க.”

அவர் பேசிக்கொண்டே செட்டுக்குள் நடந்திருக்க வேண்டும். மூச்சு இறைக்கும் சத்தம் நெருங்கி வந்தது.

“அண்ணா, அந்த வெப்பமானி இருக்குதுங்களா?”

“அங்கியேதான் தொங்குது. நாப்பத்தி ஒண்ணு.”

சாக்குக்குத் தண்ணீர் விடச் சொன்னேன்.