எழுதிக் குடு சார்

விமான நிலையத்தின் அந்தக் குடியேற்ற அதிகாரி அக்காவின் பாஸ்போர்ட்டைப் பிடித்திருந்த விதம் இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அழுக்குத் துணியைத் தூக்குவதுபோல், ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

நான் அக்கா என்று கூப்பிடும் அவள் நரிக்குறவர் சமூகத்தவள். மாமல்லபுரம் கடற்கரையில் என் துணிப்பைக் கடைக்கு எதிரே பாசிமணி விற்றாள். எங்கள் இருவரிடமும் பொருள் வாங்கிப்போன ஒரு பெண்மணி, சிங்கப்பூரில் நடந்த கைவினைக் கண்காட்சிக்கு எங்களை அழைத்தார். இருவருக்கும் ஒரே மாதிரி அழைப்பு, ஒரே மாதிரி விசா, போகவர டிக்கெட். கழுத்து மாலைகளைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்லிப் பலர் அக்காவுக்குப் புத்தி சொன்னார்கள். “விக்கிற நானே போட்டுக்கலன்னா எவ வாங்குவா?” என்று சிரித்தாள்.

விமான நிலையத்தில் எத்தனை நாள் தங்குவேன் என்று மட்டும் கேட்டு, எனக்கு முத்திரை குத்திவிட்டார்கள். அக்காவை நிறுத்தினார்கள்.

“நீ நரிக்குறவரா?”

“ஆமா சார்.”

“அங்க போய் ரோட்ல உக்காந்துகினா யாரு பதில் சொல்றது?”

நான் அழைப்பிதழை நீட்டினேன். அதிகாரி அதைப் பார்க்கவேயில்லை. “நீங்க போங்கம்மா, உங்களுக்கு ஒண்ணும் பிரச்சனை இல்ல” என்றார். எனக்கு ‘நீங்க’, அக்காவுக்கு ‘நீ’.

அக்கா குரலை உயர்த்தவில்லை. “நரிக்கொறத்தி போவக் கூடாதுன்னு எழுதிக் குடு சார். நா போயிட்றேன்.”

எழுத அவருக்குத் துணிவில்லை. விமானம் கிளம்பும்வரை அவளை ஓரமாக உட்கார வைத்தார். என் முத்திரையையும் ரத்து செய்யச் சொல்லிவிட்டு அவளோடு வெளியே வந்தேன்.

விசா கொடுத்த நாட்டுக்கு வராத சந்தேகம் பிறந்த நாட்டுக்கு எங்கிருந்து வந்தது? புகார் அனுப்பினோம். அது ‘வழக்கமான விசாரணை’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த வழக்கம் என்னிடம் ஏன் நடக்கவில்லை? அக்காவின் பாஸ்போர்ட்டில் இன்றுவரை ஒரு முத்திரையும் இல்லை.

விமான நிலையத்திலிருந்து வெளியே வந்த அன்றே பேருந்தில் ஊர் திரும்பினோம். நாவலூரில் ஏறிய ஒருவர், முன் இருக்கையில் இருந்த அக்காவைப் பார்த்து முகம் சுளித்தார். “ஏய், எந்திரிச்சிப் பின்னால போ” என்றார். கண்டக்டரும், “போம்மா, பேஜார் பண்ணாத” என்று சேர்ந்துகொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா டிக்கெட்டை உயர்த்திக் காட்டினாள்.

“காலைல ஏற வுடல. இப்ப எந்திரிக்கச் சொல்றியா? முடியாது, போ.”

மாமல்லபுரம் வரும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. அந்த மனிதர் நின்றுகொண்டே வந்தார்.