லீனா அக்கா அன்றிரவு ஊரில் இல்லை

நடந்தவை, வரிசையாக:

1. செவ்வாய்க்கிழமை காலை, லீனா அக்காவை அன்றிரவு மட்டும் திருச்செங்கோட்டில் தங்கவைக்கச் சொல்லி மாமாவுக்குப் போன் போடும்படி அம்மா என்னிடம் சொன்னாள்.

2. நான் போடவில்லை. போட்டுவிட்டதாகச் சொன்னேன்.

3. அன்றிரவு எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் கம்பம் நட்டுக் காப்புக் கட்டினார்கள். லீனா அக்கா கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள்.

4. காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருப்பவர்கள் திருவிழா முடியும்வரை ஓர் இரவுகூட வெளியூரில் தங்கக் கூடாது. முடிவதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

5. லீனா அக்காவின் விமானம் சனிக்கிழமை விடியற்காலை, பெங்களூரிலிருந்து.

6. எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஆறாவதை ஒரு சாக்காகத்தான் சேர்த்திருக்கிறேன்.

லீனா அக்கா பின்லாந்திலிருந்து ஒரு பருவம் மட்டும் படிக்க வந்தவள். திருச்செங்கோட்டுப் பக்கம் அவள் சேர்ந்த பொறியியல் கல்லூரியின் ஆய்வகத்தில்தான் என் மாமா வேலை பார்த்தார். விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் இரண்டே வாரத்தில் அவள் பாதியாக இளைத்துவிட, மாமா அவளை மல்லசமுத்திரத்தை ஒட்டிய எங்கள் வீட்டு மாடி அறையில் கொண்டுவந்து சேர்த்தார். அப்பா ரிக் வண்டியோடு ஆழ்துளைக் கிணறு போட சத்தீஸ்கர் போனால் வருவதற்கு மாதக்கணக்காகும். வீட்டில் நானும் அம்மாவும்தான். ஓர் ஆள் துணைக்கு ஆயிற்று என்று அம்மா நினைத்தாள். யார் யாருக்குத் துணை என்பது முதல் வாரம் முழுவதும் தெளிவாகவில்லை. பல்லியைப் பார்த்து லீனா அக்கா மாடியிலிருந்து கத்துவாள்; விளக்குமாற்றோடு நான் ஓடுவேன்.

பிறகு அவள் பழகிவிட்டாள். குடத்துத் தண்ணீரை மோந்து குளிக்கவும், கல்லில் துணி அடிக்கவும், ஏழே முக்கால் கல்லூரிப் பேருந்தில் நின்றபடி தூங்கவும் கற்றுக்கொண்டாள். ஒரு நோட்டு வைத்திருந்தாள். அன்று தின்றது, புதிதாகத் தெரிந்துகொண்ட சொல், பயந்தது எல்லாவற்றுக்கும் எண் போட்டு எழுதுவாள். நானும் ஒரு நோட்டு வாங்கி எழுதினேன். என் நோட்டில் பயந்தது என்ற பகுதி காலியாகவே இருந்தது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். இரவில் நான் மாடியிலேயே அவளோடு படுத்துக்கொள்வேன். பள்ளியில் என்னிடம் பேசாதிருந்தவர்களெல்லாம் பேசத் தொடங்கியதும் அவளால்தான்.

அதனால்தான் போன் போடவில்லை. காப்புக் கட்டும் இரவு அவள் ஊருக்குள் இருந்துவிட்டால் இன்னும் ஒன்பது நாள் எங்கும் போக முடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் ஊரில் எல்லாக் குழந்தைகளுக்கும் தெரியும். அப்பா திங்கட்கிழமையே கிளம்பிப் போனது அதற்குத்தான். ஒன்பது நாள் என்பது நிறைய என்று கணக்குப் போட்டேன். அதன் பிறகு என்ன என்று யோசிக்கவில்லை.

அன்றிரவு பறை முழங்க, கூட்டத்தில் எல்லோர் தலைக்கும் மேலே லீனா அக்காவின் தலை தெரிந்தது. கை நிறையப் பச்சை வளையல். பூசாரி அவள் நெற்றிக்குத் திருநீறு வைக்க எட்டாமல், அவள் குனிந்து கொடுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். மாலையிலேயே கோயில் வேலைக்கு வந்துவிட்ட அம்மா அதன் பிறகுதான் அவளைப் பார்த்தாள். அம்மாவின் முகம் போன போக்கை இப்போதும் சொல்ல முடியும்.

மறுநாள் காலை மாமாவுக்கும் அம்மாவுக்கும் போனிலேயே சண்டை. தனக்குச் சேதியே வரவில்லை என்று மாமா சத்தியம் செய்தார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மும்முரமாகப் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். லீனா அக்காவுக்கு விஷயத்தை விளக்கியபோது முதலில் சிரித்தாள். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை என்றதும் நிறுத்திக்கொண்டாள். திங்கட்கிழமை அவள் ஊரில் தேர்வு. தவறினால் ஒரு வருடம் போய்விடும். சொல்லாமல் கிளப்பி அனுப்பிவிடலாம் என்றார் மாமா. அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. ஊரில் ஒரு குழந்தைக்கு அம்மை போட்டாலும் எங்கள் வீட்டு வாசலைத்தான் காட்டுவார்கள். அப்பாவும் ஊரில் இல்லை. எதுவாயிருந்தாலும் வெள்ளிக்கிழமை காலை கம்பத்தடியில் கேட்டுவிடுவதென்று முடிவாயிற்று.

வியாழன் மாலை லீனா அக்கா, போக முடியுமா என்று தெரியாமலே துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அலமாரிக் கதவு திறந்திருந்தது. அதன் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். சின்னச் சின்னக் கட்டங்கள், நாளுக்கு ஒன்று. ஒவ்வொன்றின்மேலும் ஒரு கோடு. கடைசிக் கட்டத்தில் புகைபோக்கி வைத்த ஒரு வீடு. முதல் நாளிலிருந்து ஒன்றைக்கூட விடவில்லை. நாங்கள் மேட்டூர் அணைக்குப் போய் மீன் தின்ற நாள், எனக்கு இரட்டைச் சடை பின்னிவிட்ட நாள், வளையல் போட்ட நாள் எல்லாவற்றையும் அடித்திருந்தாள்.

அது என்ன என்று கேட்டேன். அவள் கையிலிருந்த துணியை மடித்துப் பெட்டியில் வைத்தாள். பிறகு, என் அம்மா சொல்லிக்கொடுத்திருந்த தமிழில், "அம்மாவப் பாக்கோணும்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

எனக்குப் பாவமாக இருக்கவில்லை. கோபமாக இருந்தது. எங்களோடு சிரித்துக்கொண்டே ஒருத்தி ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அன்றிரவு நான் மாடியில் படுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பெண்கள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி முடித்திருந்தார்கள். ஈரம் சொட்டும் கம்பத்தைச் சுற்றி வேப்பிலையும் சேறுமாகக் கிடந்தது. லீனா அக்கா தன் பங்குக்கு ஒரு குடம் ஊற்றிவிட்டு அம்மா பக்கத்தில் நின்றாள். அம்மா விஷயத்தைச் சொன்னாள். பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை வைத்திருந்தவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எம்பையனுக்குப் போன வருசம் சென்னையில இண்டர்வியூ. காப்புக் கட்டியாச்சு, போகக் கூடாதுன்னீங்க. போகல. அவனுக்கொரு ஞாயம், இந்த அம்மிணிக்கொரு ஞாயமாங்க?"

வெளிநாட்டுப் பெண்ணுக்கு நம்முடைய கட்டு எதற்கு என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். தினமும் குடம் எடுக்கும்போது மட்டும் வெளிநாடு தெரியவில்லையா என்று ஆலைக்காரரின் மனைவியே திருப்பிக் கேட்டார். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றியவள் ஊர்க்காரிதான் என்பது அவர் கட்சி. லீனா அக்கா பேசுபவர்களின் வாயையே மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஒரு வருடம் அந்தச் சேற்றில் நின்றுகொண்டிருந்தது.

பூசாரி தொண்டையைச் செருமினார். "காப்புக் கட்டறப்ப ஊருக்குள்ள இருந்திருந்தாத்தானுங்க இந்தப் பேச்சே. அன்னிக்கு ராத்திரி இந்த அம்மிணி இங்க இருந்துச்சா?"

ஆலைக்காரர் துண்டை உதறி மறுபடி மடித்தார். அவர் மனைவி குடத்துக்குள் எதையோ தேடினார். அம்மா வாயைத் திறந்தாள். பூசாரி அவளுக்காகக் காத்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பிவிட்டார்.

"நீ சொல்லு சாமி. நீதான அக்காகூட மாடியில படுத்துக்குவே. செவ்வாக்கெழம ராத்திரி அக்கா ஊட்டுல இருந்துச்சா?"

இருந்தாள் என்று சொன்னால் போதும். ஒன்பது நாளில் இன்னும் ஆறு பாக்கி இருந்தது. எனக்கு அலமாரிக் கதவு நினைவுக்கு வந்தது. அவ்வளவு அவசரமென்றால் போகட்டும் என்று தோன்றியது. அவள் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள் என்றும் தோன்றியது. எது முதலில் தோன்றியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"இல்லீங்க," என்றேன். "மாமா ஊட்டுல இருந்துச்சுங்க."

"காலம்பற மொத பஸ்ஸுக்கு வந்துச்சா?"

அதை நான் யோசித்திருக்கவில்லை. "ஆமாங்க."

"கொழந்த சொன்னாச் சரிதானுங்க," என்றார் பூசாரி.

கூட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டதுபோல இருந்தது. ஆலைக்காரர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் மாட்டிக்கொண்டேன் என்று நினைத்தேன். அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப பஸ்ஸு எதுக்குங்க. சேலம் வரைக்கும் என்ர காருலயே கொண்டோயி வுட்டுட்டு வாரேன். பொழுதுக்குள்ள திரும்பீரலாம்."

போகலாம் என்று அம்மா சைகை காட்டியதும் லீனா அக்கா அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதாள். தேர்வுக்குப் படிக்கச் சொன்னால் எல்லோரும்தான் அழுவார்கள் என்று யாரோ சொல்ல, பெண்கள் சிரித்தார்கள். மாமா சேலத்தில் வந்து சேர்ந்துகொண்டு, பெங்களூர்வரை போய் ஏற்றிவிட்டு வந்தார். கார் கிளம்பும்போது லீனா அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். நான் விறைப்பாக நின்றேன். தேர்வில் தேறிவிட்டதாக அடுத்த மாதம் சேதி வந்தது.

அதன் பிறகு நான் அம்மைக்காகக் காத்திருந்தேன். கம்பத்தின் முன்னால் நின்று பொய் சொல்லியிருக்கிறேன். ஊரையும் மாரியம்மனையும் ஒருசேர ஏமாற்றியிருக்கிறேன். தினமும் காலையில் கையையும் வயிற்றையும் பார்த்து நோட்டில் எழுதினேன். பயந்தது என்ற பகுதி அப்போதுதான் நிரம்பியது. பள்ளிக்கூடம் திறக்கும்வரை கொசுக்கடி இரண்டு, வேர்க்குரு ஒன்று. வேறெதுவும் வரவில்லை.

ஒரு பருவம் படிக்க நான் ஜெர்மனிக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டி கட்டிக்கொண்டே இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா பருப்புப் பொடி டப்பாவுக்கு மூடி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ள ஆறடி ஒசரம். ஊரே பாத்துச்சு. பூசாரியே திருநீறு வெச்சாரு. கம்பத்துக்கு முன்னால பெரியவிய யாரு பொய் பேசறது? அதுக்குத்தான் உன்னையக் கேட்டாரு," என்றாள். பிறகு டப்பாவைத் துடைத்தபடி, "போன் போடாததையும் அன்னிக்கே போன்ல பாத்துட்டேன்," என்றாள்.

பன்னிரண்டு வருடம் சுமந்த பாரம் ஒரு டப்பா மூடும் நேரத்தில் இறங்கிவிட்டது. இறங்கியது நல்லதாகத்தான் இருந்தது.

அலமாரிக் கதவின் விஷயம் அன்றைக்கும் புரியவில்லை. இங்கே வந்த பிறகுதான் புரிந்தது. இங்கே என் அறைக்குப் பக்கத்தில் ஒரு ஆறு ஓடுகிறது. வகுப்பில் மூன்று பேர் நண்பர்களாகிவிட்டார்கள். சனிக்கிழமைச் சந்தையில் ஆப்பிள் விற்கும் பெரியவர் எனக்கென்று ஒன்று எடுத்து வைத்திருப்பார். எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது. என் அலமாரிக் கதவின் உள்பக்கமும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஒரு நாளைக்கூட அடிக்காமல் விடவில்லை.

இப்போதைய நிலவரம்: பதினோரு கட்டம் பாக்கி. ஊரில் வரும் செவ்வாய்க்கிழமை காப்புக் கட்டுகிறார்கள். திருவிழா முடிந்து கம்பம் எடுப்பதற்கு முந்தின நாள் நான் போய்ச் சேர்வேன். காப்புக் கட்டும் இரவு நான் ஊரில் இருக்க மாட்டேன். இந்த முறை அது உண்மை.